டொக்டர் சொன்னதில் நான் விட்ட பாதி

இதை வாசிக்கும் நீங்கள் எனக்கு நடுவர் அல்லர், சாட்சி. மேடை ஏறிய நாள் முதல் "மதிப்புக்குரிய நடுவர் அவர்களே" என்று தொடங்கியே பழகியவன் நான். நடுவரிடம் வெற்றியைக் கேட்கலாம். சாட்சியிடம் அதைக் கேட்க முடியாது. நடந்ததை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கத்தான் முடியும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் எங்களுக்குச் செய்த உதவியை அடியார்கள் முன் எழுதித் தருமாறு திருவிழாக் குழுவினர் கேட்டார்கள். அதை எழுதுவதானால், என் தாய்க்கும் தகப்பனுக்கும் நான் செய்ததை முதலில் எழுதியாக வேண்டும். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வழி தெரியவில்லை.

துன்பம் தொடங்கியது 2006 தை மாதத்தில். எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டிய மலைச்சரிவில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே இறப்பர். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். விவாதப் போட்டியில் மாகாணத்தில் முதலிடம் பெற்றுக் கழுத்தில் பதக்கத்தோடு வந்தவன். என் தங்கை தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. நான் கண்ணாடி முன் பேசிப் பழகினால், அவள் பின்னால் நின்று அகப்பையை மைக்காகப் பிடித்துக்கொண்டு என் குரலிலேயே பேசிக் காட்டுவாள். அப்பா சிரிப்பார். "இவன் பேச்சக் கேட்டா மரமே தானா பால் வடிக்கும் புள்ள. நான் கத்தி தூக்க வேண்டியதில்ல" என்பார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் தர்ஷினி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னாம்மா, இன்னைக்கி வெளிறிப் போன பொட்டு வச்சிருக்கீங்க?"

அம்மாவின் நெற்றியில் வழக்கமான குங்குமம்தான் இருந்தது. அவள் வலது கண்ணைப் பொத்தினாள், பொட்டு சிவந்தது. இடது கண்ணைப் பொத்தினாள், வெளிறியது. அதை ஒரு விளையாட்டாக மாற்றி மாற்றிச் செய்து சிரித்தாள். இரண்டு நாளில் சிரிப்பு நின்றது. வலது கண்ணை அசைத்தாலே வலித்தது. பார்வையின் நடுவில் புகை படிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து தந்தார்கள். பிறகு கேகாலை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் பார்வை ஏறக்குறையத் திரும்பியது. அம்மனுக்குத் தேங்காய் உடைத்தோம். முடிந்தது என்று நம்பினோம்.

முடியவில்லை. ஆவணி மாதத்தில் ஒரு நாள் பாடசாலை விட்டு தர்ஷினியும் நானும் மேடு ஏறிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வலது காலில் செருப்பு இல்லை.

"ஒத்தச் செருப்பு புதுப் பேசனா மகாராணி?" என்று கேலி செய்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள், உணரவில்லை. பாதத்தில் இரத்தம் கசிந்திருந்தது. "அண்ணே, இது என் காலு மாதிரியே இல்லண்ணே" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அடுத்த கிழமைக்குள் அந்தக் காலைத் தூக்கி வைக்க முடியாமல் போனது.

இந்த முறை கேகாலையிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதால் ரம்புக்கனைக்குப் போய் ரயில் ஏறினோம். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஐந்து நாள் கையில் மருந்து ஏற்றினார்கள். அம்மா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பா ரோட்டோரம் நின்று பீடி பிடித்தார். இருவரும் தனித்தனியே என்னிடம் வந்தார்கள்.

அப்பா சொன்னார்: "ஒங்க அம்மா வாயத் தொறக்க மாட்டா. ஒங்க பெரியம்மாவுக்கும் இப்பிடித்தான் பதினேழு வயசுல கால் விழுந்துச்சு. படுத்த படுக்கையாவே போய்ச் சேர்ந்தா. அது அந்த வம்சத்து வியாதி."

அம்மா சொன்னார்: "பொறந்த நாளுலருந்து அந்தப் புள்ள குடிக்கிறது ஒங்கப்பா விடுற பீடிப் பொகைதான். ஒத்தக் காம்பரா வீட்டுல பொக எங்க போகும்? நீ படிச்ச புள்ள. டொக்டர்கிட்ட கேளு, யாரால வந்துச்சின்னு."

இருவருக்கும் சிங்களம் பேச வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் பேசுகிற அளவுக்கு. ஆஸ்பத்திரிச் சிங்களம் அவர்களுக்கு எட்டாது. எனக்கு எட்டும். ஆகவே டொக்டருக்கும் என் குடும்பத்துக்கும் நடுவே நின்ற ஒரே வாய் என்னுடையது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த வேளையிலும் இருந்தது.

ஆறாம் நாள் டொக்டர் எங்களை அழைத்தார். நடுவயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நம் உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே, மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஓடும் நரம்புகளின் மேலுறையைத் தின்கிறது. உறை போன இடத்தில் செய்தி தடைப்படுகிறது. கண்ணுக்குப் போகும் நரம்பானால் பார்வை, காலுக்குப் போகும் வழியானால் நடை. பிள்ளைகளுக்கு வருவது அரிது, வராதது அல்ல. அடங்கும், மீண்டும் எழும். அடியோடு போக்க மருந்து இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். நான் அம்மாவிடம் திருப்பிக் கேட்டேன். அம்மா இல்லை என்று தலையாட்டினார். அப்பா செருமினார். அம்மா தரையைப் பார்த்தபடி, "எங்கக்கா" என்று ஒரே சொல் சொன்னார்.

நான் டொக்டரிடம் கேட்டேன்: "இது எதனால் வருகிறது? யாரால் வருகிறது?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்குப் பொறுமையாகச் சொன்னார். சில பிள்ளைகள் பிறக்கும்போதே இந்த நோய்க்குச் சற்று இடம்கொடுக்கும் உடம்போடு பிறக்கிறார்கள். அது ஒரு தனிக் கோளாறு அல்ல. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வரும் பல சின்னச் சின்னக் கூறுகள் சேர்வது. அதன்மேல் சூழலும் சேர்கிறது. சிறு வயதில் அநேகருக்கு வந்துபோகும் ஒரு வைரஸ் காய்ச்சல், வெயில் போதிய அளவு படாமை, வீட்டில் பிறர் விடும் புகை என்று ஆராய்ச்சியாளர்கள் சிலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். ஒவ்வொன்றும் சிறிதளவு ஆபத்தைக் கூட்டலாம். இது முதற்பாதி.

மறுபாதியையும் அதே குரலில்தான், சிங்களத்தில் என்னைத் தம்பி என்று அழைத்துச் சொன்னார். "இவை எல்லாம் இருந்தும் நோய் வராத பிள்ளைகள்தான் அதிகம், மல்லி. உங்கள் பெரியம்மாவுக்கு இருந்தது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் எவரும் இதை இவளுக்குக் கொடுக்கவில்லை." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "அம்மாடத் கியன்ன" என்றார். அம்மாவுக்கும் சொல்லுங்கள் என்று.

கதவருகே நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். சூடு ஆகாது. காய்ச்சலானாலும், சுடுநீரானாலும், உச்சி வெயிலானாலும் உடம்பு சூடேறினால் பார்வை மங்கலாம், கால் தளரலாம். பயப்பட வேண்டாம்; குளிர வைத்தால் திரும்பும். ஒரு நாள் கடந்தும் திரும்பாவிட்டால் உடனே கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் என் காதில் விழுந்தது. இவ்வளவும் எனக்கு விளங்கியது.

திரும்பும் ரயிலில் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "என்னாதான் சொன்னாங்க தம்பி? எல்லாத்தையும் சொல்லு."

நான் என்ன செய்தேன் என்பதை இப்போது கேளுங்கள். எழுந்து நின்றேன். ஆடும் ரயிலில் இருக்கையைப் பற்றிக்கொண்டு விரலை மடக்கினேன். ஒன்று, பரம்பரை, அம்மாவின் இரத்தத்தில் இருக்கிறது, பெரியம்மாவே அதற்கு ஆதாரம். இரண்டு, புகை, அப்பாவின் பீடி. மூன்று, வெயில், பெரிய பிள்ளையானாள் என்று பதினாறு நாள் காம்பராவுக்குள் வைத்ததோடு விடாமல், கறுத்துப் போவாள் என்று மாதக்கணக்கில் அவளை வெளியே விடாதது அம்மாவின் அறியாமை. ஆளுக்கொரு குற்றம், அம்மாவுக்கு இரண்டு. மருந்தில் அடியோடு போகாது, இவை என் சொற்கள் அல்ல, விஞ்ஞானத்தின் சொற்கள் என்று முடித்தேன்.

ஆண்டுக்கணக்காக என்னால் நிறுத்த முடியாத அப்பாவின் பீடி. ஆண்டுக்கணக்காக என்னால் அசைக்க முடியாத அம்மாவின் வழக்கங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் வென்றேன். மறுபாதியைச் சொல்லியிருந்தால் வழக்கே கலைந்திருக்கும். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அது என் வாதத்துக்கு உதவவில்லை, ஆகவே விட்டேன்.

தர்ஷினி அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். "கை தட்டுங்க, பேச்சாளர் முடிச்சிட்டாரு" என்றாள்.

அன்றைக்கே அப்பா பீடிக் கட்டை அடுப்பில் போட்டார். நல்லதுதானே என்பீர்கள். அத்தோடு நிற்கவில்லை. தன் மூச்சே பிள்ளைக்கு விஷம் என்று அவர் எண்ணிவிட்டார். தர்ஷினி இருக்கும் இடத்தில் உட்கார மாட்டார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். "அப்பா, இங்க வாங்களேன்" என்று அவள் கூப்பிட்டால், "வேலைத்தள நாத்தம் புள்ள, குளிச்சிட்டு வாறேன்" என்பார். குளிப்பார், வரமாட்டார்.

அம்மா வேறு மாதிரி ஒடிந்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மெலிந்த நரம்புகளை விரலால் தடவுவார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, ரத்தத்த மாத்த ஏலுமா?" முடியாது என்றேன். பதில் சரிதான். கேட்டது ஒரு தாய் என்பதை நான் பார்க்கவில்லை.

கால் தேற வேண்டும் என்று அம்மா நாள்தோறும் நொச்சியும் மஞ்சளும் கொதிக்க வைத்துச் சுடச்சுட ஊற்றினார். ஒரு மாலை தர்ஷினி என்னை ஒதுக்கமாக அழைத்தாள்.

"அண்ணே, அம்மாகிட்ட சொல்லிராத. சுடுதண்ணி ஊத்துனா ஒலகமே பனி மூட்டமாயிருது. கொஞ்ச நேரங் கழிச்சி வெளுக்குது."

எனக்கு டொக்டரின் சொல் உடனே நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் போய், சுடுநீர் வேண்டாம் என்று சொன்னால் போதும். ஆனால் அம்மா கேட்பார்: இத ஏன் அன்னைக்கிச் சொல்லல? வேற என்னா சொன்னாங்க? அந்தக் கேள்விக்கு முன் நிற்க எனக்குத் துணிவில்லை. "ஆவி கண்ணுல பட்டிருக்கும்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

ஒரு பாதியை மறைத்தவன் அதைக் காக்க இன்னொன்றையும் மறைக்க வேண்டியிருக்கிறது. எத்தனையோ மேடைகளில் வாய்மையைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவனுக்கு இது அதுவரை தெரியாது.

2007 பங்குனியில் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அம்மா பூசாரியிடம் போய் நேர்ந்துகொண்டு வந்தார். தர்ஷினி தீச்சட்டி எடுப்பாள். மூன்று வருடம் எடுப்பாள்.

நான் எதிர்த்தேன். நீண்ட பேச்சு. அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீதானே சொன்ன, ரத்தத்துல இருக்குன்னு? மருந்துல போகாதுன்னும் நீதானே சொன்ன? எங்க வம்சத்துப் பாவம் தண்ணியில போகாது தம்பி. நெருப்புலதான் போகும். ஆத்தா கண் தொறப்பா."

என்னிடம் பதில் இருந்தது; அதைச் சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும். கொஞ்ச தூரம்தானே, மங்கினாலும் திரும்பும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திருவிழா நாள். பகல் பன்னிரண்டு மணி. ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு ஏறும் தார் ரோடு காலைச் சுட்டது. முன்னால் தப்பு அடித்துப் போனார்கள். அதற்குப் பின் ஒலிபெருக்கி கட்டிய டிராக்டர். அதில் மைக்கோடு நான். எனக்குப் பின்னால் பால்குடங்கள், அதற்கும் பின்னால் தீச்சட்டிகள். மஞ்சள் சேலையில், வேப்பிலைக் கொத்து வைத்துத் தாங்கிய சட்டியோடு தர்ஷினி நடந்தாள். வலது கால் சற்று இழுபட்டது. அம்மா அருகில் அவள் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். அப்பா எல்லாருக்கும் கடைசியில், மகளுக்கு எட்ட, தனியாக வந்தார்.

நான் பேசிக்கொண்டிருந்தேன். அடுக்கு மொழியில், ஏற்ற இறக்கத்தோடு, அம்மனின் கருணையைப் பற்றி. மலைக்கு மலை என் குரல் எதிரொலித்தது. அந்தக் குரலுக்குக் கீழே என் தங்கை, "அம்மா தெரியல... அண்ணே, தெரியலண்ணே" என்று அழைத்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அருகில் வந்தவர்களுக்கும் என் பேச்சுத்தான் கேட்டிருக்கிறது.

சட்டி உடையும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

தர்ஷினி முழங்காலில் விழுந்திருந்தாள். ரோடெங்கும் தணல். அவள் கைகள் காற்றில் துழாவின. தணல் அவள் பக்கம் உருளாமல் அம்மா வெறுங்காலால் மிதித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தப்பு நின்றது. கூட்டத்தில் குரல்கள் எழுந்தன.

"சட்டி ஒடஞ்சிருச்சி. குத்தம்... குத்தம் இருக்கு."

பூசாரி அம்மாவிடம் கேட்டார்: "என்னாம்மா கொற வச்சீங்க? உண்மையச் சொல்லுங்க."

அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டார். "என் ரத்தந்தாங்க சாமி கொற! எங்கக்காவ தின்ன ரத்தம், எம் மகளையும் திங்குது! நானா சொல்லல, என் மகன் டொக்டர்கிட்ட கேட்டு வந்து சொன்னான்! நான் பெத்த பாவந்தான் இந்தப் புள்ளைக்கு!"

ஊரே கேட்க, என் தாய் நான் தந்த தீர்ப்பை ஒப்புக்கொண்டார்.

தர்ஷினி கூவினாள்: "ரெண்டு கண்ணும் தெரியல! இருட்டா இருக்கு! யாராச்சும் கையப் புடிங்களேன்!"

டொக்டர் சொன்னது மங்கல், இது இருள். டொக்டர் சொன்னது தளர்ச்சி. இவள் காலே இல்லாததுபோல் கிடந்தாள். இது திரும்பும் வகையா, திரும்பாத வகையா என்று எனக்குத் தெரியவில்லை. குளிர வைக்க வேண்டும் என்பது தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. கையில் மைக் இருக்கிறது, தோட்டமே என்னைப் பார்க்கிறது. டிராக்டரிலிருந்து இறங்கவும் என் கால்கள் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயனற்றவனாக நான் ஒருபோதும் நின்றதில்லை.

அப்போது நான் வேண்டினேன். அதை வேண்டுதல் என்று சொல்லலாமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அடுக்கு மொழி இல்லை, அம்மனின் பெயர்கள் நூற்றெட்டும் இல்லை. "ஆத்தா" என்ற ஒரு சொல் மட்டும் என்னைக் கேளாமல் வெளியே வந்தது. மைக் திறந்திருந்ததால் அது எட்டு லயத்து வீடுகளுக்கும் கேட்டது.

அந்தச் சொல் அடங்குவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். ஏழு மாதமாக மகளைத் தொடாத மனிதர். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு அவளைத் தூக்கினார். தூக்கியவர் பதறினார்.

"அடியே, புள்ள நெருப்பா கொதிக்குதுடி! குத்தமாவது கொறையாவது, வழிய விடுங்க!"

ரோட்டோரத்தில் பாறையிலிருந்து நீர் விழும் பீலி இருக்கிறது. மலையின் அடியிலிருந்து வருவதால் பங்குனியிலும் ஐஸாகக் குளிரும் தண்ணீர். அவர் அங்கே போய், அவளை மடியில் இருத்தி, சேலையோடு, பூவோடு, தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். சூட்டைப் பற்றி டொக்டர் சொன்னது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சுட்ட பிள்ளையை ஒரு தகப்பனின் கை தண்ணீருக்குக் கொண்டுபோனது. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அம்மா வெந்த பாதத்தோடு பீலியடியில் விழுந்து கிடந்தார். பூசாரி கும்பிட்ட கையோடு நின்றார்.

"அப்பா," என்றாள் தர்ஷினி.

"ம்."

"ஒங்க மீசையில நரை விழுந்திருச்சி. எப்பப்பா விழுந்திச்சி?"

அப்பா அழுதார். அவர் மூச்சு அவள் முகத்தில் பட்டது. அவர் ஒதுங்கவில்லை.

அதன் பிறகுதான் என் கால்கள் அசைந்தன. மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய் அந்த ஈரத்தில் உட்கார்ந்தேன். ரயிலில் விட்ட பாதியை அங்கே சொன்னேன். சூட்டைப் பற்றிச் சொன்னேன். வைரஸ் காய்ச்சலைப் பற்றி, இரண்டு வழியிலிருந்தும் வரும் கூறுகளைப் பற்றி, எல்லாம் இருந்தும் வராத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். "வீட்டுல யாரும் இதக் குடுக்கல, அம்மாவுக்கும் சொல்லுங்கன்னு டொக்டர் சொன்னாங்கம்மா. நான் சொல்லல" என்றேன்.

அம்மா வெந்த பாதத்தை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப என் ரத்தத்துல குத்தமில்லியா?"

"இல்லம்மா."

"ஒங்கப்பா பீடியாலயும் இல்லியா?"

"பொக நல்லதில்லதாம்மா. ஆனா அதாலதான் வந்துச்சின்னு யாராலயும் சொல்ல ஏலாது."

"அப்ப ஏன் வந்துச்சி?"

"தெரியாதும்மா. டொக்டருக்கும் தெரியாது."

குற்றம் நீங்கியதும் அம்மா ஆறுதல் அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முன்னிலும் அதிகமாக அழுதார். குற்றம் தன்னுடையது என்றால், தண்டனையை ஏற்றாவது மகளை மீட்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காரணமே இல்லாத துன்பத்தின் முன் நாங்கள் நால்வரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தோம். ஆனால் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். அப்பா உட்பட.

பூசாரி மெல்லச் சொன்னார்: "சட்டி தாங்கணும்னு ஆத்தா கேக்கலம்மா. நாமதான் கேட்டோம்." அந்த நேர்த்தியை அவரே பூவும் வேப்பிலையுமாக மாற்றித் தந்தார். தர்ஷினி அதன் பின் தீயை எடுக்கவில்லை.

அடியார்களே, நோய் நீங்கிவிட்டது என்று எழுதினால் அது அம்மனின் பெயரால் சொல்லும் பொய். இந்த 2009 வரை அது இரண்டு தடவை மீண்டும் எழுந்தது. இரண்டு தடவையும் கொழும்பில் மருந்து ஏற்றினார்கள். நீண்ட தூரம் நடந்தால் வலது கால் இழுக்கிறது. குங்குமம் இன்றும் அந்தக் கண்ணுக்குச் சற்று வெளிறித்தான் தெரிகிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், நான் மேலும் கீழும் பார்ப்பேனே தவிரப் பதில் தர மாட்டேன். அவள் சாதாரண தரப் பரீட்சை முடித்துவிட்டாள். பரீட்சை மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் கேட்டு அப்பாதான் அதிபரிடம் போய் நின்றார். கிளினிக்குக்கும் இப்போது அவர்தான் கூட்டிப் போகிறார். அம்மா சுடுநீர் வைப்பதில்லை. மாலை வெயிலில் மகளை வாசலில் உட்கார வைத்துத் தலை பின்னிவிடுகிறார்.

அப்படியானால் அம்மன் எதைக் கொடுத்தாள் என்று கேட்பீர்கள். நான் கேட்டது என்னவென்று எனக்கே தெரியாத வேளையில், அந்த ஒரு சொல்லுக்கு ஒரு தகப்பனை அனுப்பினாள். கண்ணைக் கொடுத்தாள். நான் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்துவிட்டாள். இவற்றுக்கு மேல் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, தினமும் கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் காரணம் தெரியாத நோய் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு, அந்தச் சூட்டில் பிள்ளையை வேகவிடாதீர்கள். வைத்தியரிடம் போங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு அம்மனிடம் வாருங்கள். அழகான சொற்களைத் தேட வேண்டாம். சொல் இல்லாதவனின் குரலும் அவளுக்குக் கேட்கிறது. எனக்கு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்கிறேன். நம்புங்கள்.

அன்று பொழுது சாய்வதற்கு முன், அம்மாவின் பாதத்துக்கு மருந்து கட்டிய பிறகு, நாங்கள் நால்வரும் சன்னதியில் நின்றோம். தர்ஷினி அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். நான் கற்பூரத்துக்கு முன் கையை நீட்டி, அவர்களும் பூசாரியும் கேட்க, உரக்கச் சொன்னேன்:

"ஆத்தா, தர்ஷினிக்காக இனி எந்த டொக்டர் முன்னால நின்னாலும், அவங்க சொல்றத முழுசாச் சொல்வேன். எனக்குப் புடிச்சதையும் சொல்வேன், புடிக்காததையும் சொல்வேன். அவங்க தெரியாதுன்னு சொன்னா, தெரியாதுன்னே சொல்வேன்."